இராசரட்டை ஏன் அழிந்தது?

வல்லமை மிக்க பழைய நாகரிகங்கள் எவ்வாறு நலிந்து மறைந்தன என்னும் வினா, மனிதன் சரித்திரத்தைச் சிந்திக்கத் தொடங்கிய நாள் முதலாகக் கேட்கப்பட்டு வருகிறது. இரு பெரு நதிகளினிடையே வாழ்ந்த சுமேரியர், சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோவைக் கட்டியோர், மத்திய அமெரிக்கக் காடுகளிலே கற்கோபுரங்கள் எழுப்பிய மாயர், அங்கோர் நகரிலிருந்து ஆண்ட கெமர் மன்னர் ஆகிய எல்லாரும் இவ்வினாவை நம்முன் விட்டுச் சென்றுள்ளனர். ஆயினும் விடை தேடி நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கல்முனைக் கரையிலிருந்து காலையிற் புறப்பட்டாற் பகற்பொழுதுக்குள் சென்றடையக்கூடிய பொலனறுவையிலும், அதற்கப்பால் அநுராதபுரத்திலும் அவ்வினா இடிபாடுகளாகக் கிடக்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல் விளைவித்து வாழ்ந்த ஒரு நாடு, 13-ஆம் நூற்றாண்டிலே மளமளவென்று காடாகத் தொடங்கியது. அதன் காரணம் யாதென்பதே இன்றைய ஆராய்ச்சி.

இராசரட்டை எனப்பட்ட வடசமவெளி இயற்கையால் வளம் பெற்ற நாடன்று. வாடைக்காற்றோடு வரும் மாரி மழை சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் வெயில். ஆறுகள் மணற்பள்ளங்களாய்க் கிடக்கும். நம் கிழக்கு மாகாணத்து விவசாயிக்கு இந்நிலையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. கொட்டுகிற மழையைக் கட்டி வைத்தாலன்றி இரண்டாம் போகம் இல்லை. சில ஆண்டுகளில் முதற்போகமும் இல்லை. ஆகவே அங்கே குளமே நாடு; நாடே குளம்.

3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட மகாசேனன் மின்னேரிக் குளத்தைக் கட்டினான். 5-ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கலாவாவியைக் கட்டி, அதன் நீரை 54 மைல் நீளமான சயகங்கை என்னும் கால்வாயினூடாக அநுராதபுரத்துத் திசாவாவிக்குக் கொண்டு சென்றான். அக்கால்வாய் முதற் பதினேழு மைல்களில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிகின்றது என அளந்தறிந்த பொறியியலாளர் வியந்துள்ளனர். இதே தாதுசேனன், புதையலைக் காட்டு எனத் தன் மகன் வற்புறுத்தியபோது, கலாவாவியின் நீரைச் சுட்டி இதுவே என் செல்வம் என்றானென வமிச நூல் சொல்லும். கதை எவ்வாறாயினும், அந்நாட்டின் செல்வம் எதுவென்பதை அது சரியாகவே சொல்கிறது.

12-ஆம் நூற்றாண்டிலே, 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் இவ்வமைப்பு உச்சநிலை எய்தியது. 165 அணைகள், 3,910 கால்வாய்கள், 163 பெருங்குளங்கள், 2,376 சிறுகுளங்கள் அவனாற் கட்டப்பட்டன அல்லது திருத்தப்பட்டன என்பது வமிச நூல் தரும் கணக்கு. புகழுரை என ஒரு பகுதியைக் கழித்துவிட்டாலும் எஞ்சி நிற்பது சிறியதன்று. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இக்கணக்கிலே பெரும்பாலானவை புதியவையல்ல, பழுது பார்க்கப்பட்டவை. உடைப்பெடுத்த கட்டை அடைத்தல், தூர்ந்த வாய்க்காலை வெட்டுதல், துருசைச் செப்பனிடுதல் என்னும் ஓயாத வேலைதான் அந்நாகரிகத்தின் மூச்சாக இருந்தது.

இத்தகைய நாடு ஏன் அழிந்தது? பலரும் உடனே சொல்லும் விடை, அந்நியர் படையெடுத்து அழித்தனர் என்பது. அவ்விடையைச் சரித்திரத்தில் வைத்துப் பார்ப்போம்.

993-இல் முதலாம் இராசராச சோழனின் படை இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியது. 1017-இல் இராசேந்திரன் காலத்துப் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டு சென்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவன் அங்கேயே மாண்டான். 1070-இல் விசயபாகு சோழரை வெளியேற்றும் வரையில் இராசரட்டை அந்நியர் கையில் இருந்தது. எழுபத்தேழு ஆண்டுகள் சிறிய காலமன்று. ஆயினும் நாடு காடாகவில்லை. பொலனறுவையைத் தலைநகராக்கிய சோழர் குளங்களின் கீழேயே வாழ்ந்தனர். நெல் வரியை நம்பியே ஆண்டனர். அவர்கள் சென்ற பின்னர், நூறாண்டுக்குள் அதே நாடு பராக்கிரமபாகுவின் பொற்காலத்தைக் கண்டது.

1215-இல் கலிங்க மாகன் வந்தான். கேரளப் படையும் தமிழ்ப் படையும் துணையாக வரப் பொலனறுவையைக் கைப்பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். இம்முறை நாடு மீளவில்லை. சிங்கள அரசர் தம்பதெனியாவுக்கும், யாப்பகூவாவுக்கும், குருநாகலுக்கும், பின் கம்பளைக்கும் கோட்டைக்கும் எனத் தெற்கும் மேற்குமாகத் தலைநகரை நகர்த்திக்கொண்டே சென்றனர். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தம்பதெனிய அரச குடும்பத்தார் பொலனறுவையைப் புதுப்பிக்க முயன்றனர், அம்முயற்சி நிலைக்கவில்லை.

படையெடுப்பு மட்டுமே காரணமாயின் சோழர் காலத்திலேயே நாடு அழிந்திருக்க வேண்டும். முதலடியைத் தாங்கிய உடல் இரண்டாம் அடியிலே விழுந்ததென்றால், இடையில் அவ்வுடலுக்கு என்ன நேர்ந்ததென்று கேட்பதே முறை.

மாகனைப் பற்றியே இன்னொரு செய்தியுண்டு. பாளி வமிச நூல் அவனைக் கொள்ளையும் கொலையுமே தொழிலாகக் கொண்ட கொடியவனாகக் காட்டுகிறது. நமது பிரதேசத்தின் மட்டக்களப்பு மான்மியமோ, கோயில்களுக்கும் குடிகளுக்கும் முறைமைகளை வகுத்துக் கொடுத்த அரசனாக அவனைப் போற்றுகிறது. ஒருவனே ஒருவர்க்கு அழிவாகவும் மற்றவர்க்கு ஒழுங்காகவும் தோன்றுகின்றான். ஆகவே ஒரு நாட்டின் வீழ்ச்சியை ஒரு மனிதன் தலையிலோ ஓர் இனத்தின் தலையிலோ ஏற்றிவிட்டு ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளலாகாது.

பராக்கிரமபாகுவின் பேராட்சி வெளியே பார்க்கப் பெருமிதமானது. உள்ளே அது நாட்டைக் களைப்படையச் செய்தது. அவன் பர்மாமீது படை அனுப்பினான். பாண்டிய நாட்டு அரசுரிமைப் போரிலே தலையிட்டான். கோபுரங்களும் விகாரைகளும் எழுப்பினான். இவற்றுக்கெல்லாம் வேண்டிய பொருள் வயலிலிருந்தே வந்தது. அவனுக்குப் பின் 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன், முன்னைய ஆட்சியில் மிகுந்த வரியால் மக்கள் வறுமையுற்றனரென்றும், தான் ஐந்தாண்டுக்கு வரியை நீக்கியதாகவும் கல்லிலே பொறித்து வைத்தான். தன் புகழ் பாடும் அரசனின் சொல்லெனினும், வரிப்பளு நாடறிந்த குறையாக இருந்திராவிட்டால் அதைக் கல்லில் வெட்டிப் பயனில்லை.

நிசங்கமல்லன் இறந்ததும் நேர்ந்ததே பெருங்கேடு. 1196-க்கும் 1215-க்கும் இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளுக்குள் அரியணை பத்து முறைக்கு மேல் கைமாறியது. லீலாவதி என்னும் அரசி மூன்று முறை முடி சூட்டப்பட்டு மூன்று முறையும் இறக்கப்பட்டாள். மூன்று மாதக் குழந்தையொன்றும் அரசனாக வைக்கப்பட்டது. அரசர்களை ஏற்றி இறக்கியோர் படைத்தலைவர்கள். ஒவ்வொருவனும் ஓர் இளவரசனையோ இளவரசியையோ கையில் வைத்துக்கொண்டு அடுத்தவனை வீழ்த்தினான். இப்பூசலுக்குள் எந்தக் குளத்தின் எந்தத் துருசு பழுதுபட்டிருக்கிறதென்று பார்க்க யாருக்கு ஓய்விருந்திருக்கும்?

ஐந்தாம் மகிந்தன் காலத்திலும் இதுவே நிகழ்ந்திருந்தது. வரி சேராமையால் அவனாற் படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை; அவர்கள் கிளர்ந்தெழ அவன் உறுகுணைக்கு ஓடினான். இலங்கை அரசனின்றிக் கிடக்கும் செய்தியைச் சோழ மன்னனுக்குச் சொன்னவன் ஒரு குதிரை வியாபாரி என்று வமிச நூலே கூறுகிறது. பகைவன் கதவை உடைக்கவில்லை. கதவு திறந்து கிடக்கும் செய்தி அவனுக்குக் கிடைத்தது.

இங்கே அறிஞரின் கருத்துகளையும் நோக்குதல் வேண்டும். 1957-இல் ரோட்ஸ் மர்பி என்னும் அமெரிக்கப் புவியியலாளர், மண்வளமோ காலநிலையோ மாறியதால் இலங்கை அழியவில்லையென்றும், பேரமைப்பைப் பராமரித்து வந்த நிருவாகம் குலைந்ததே காரணமென்றும் வாதிட்டார். 1971-இல் பேராதனையிலிருந்து பேராசிரியர் கா. இந்திரபாலா பதிப்பித்த கட்டுரைத் தொகுதி, இவ்வீழ்ச்சியையும் மக்கள் தென்மேற்கே நகர்ந்தமையையும் பல கோணங்களில் ஆராய்ந்தது. நிலமுடைய பிரபு குடும்பங்கள் மாகன் காலத்திலே சிதறியமை அவ்வாராய்ச்சியில் முக்கிய இடம் பெறுகிறது. குளத்தைக் காப்பதற்கு அறிவு வேண்டும். ஆளைக் கூட்டும் அதிகாரம் வேண்டும். இரண்டும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடமே இருந்தன. அவை இடம் பெயர்ந்தபோது கட்டும் துருசும் அங்கேயே நின்றன; அவற்றைப் பேணத் தெரிந்தவர் போய்விட்டனர்.

மலேரியாவே காரணமென 1921-இல் லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர் எழுதினார். இக்கருத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்நோயைப் பரப்பும் நுளம்பு எங்கே பெருகுகிறது? ஆறு வற்றித் தேங்கிய குட்டைகளிலும், உடைந்து கிடக்கும் குளங்களின் பள்ளங்களிலும். 1934-35 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது, இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் மலேரியாவுக்குப் பலியாயினர். ஆகவே மலேரியா அழிவின் காரணமென்பதினும் அழிவின் காவலாளி என்பது பொருந்தும். குளங்கள் உடைந்ததால் நோய் வந்தது. நோய் இருந்ததால் மக்கள் மீண்டும் வந்து குளங்களைக் கட்ட இயலவில்லை. அக்காவல் நீங்க எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 2016-இலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

தென்மேற்கின் ஈர்ப்பையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். அங்கே மழை பொய்ப்பதில்லை. கறுவாவும் வாசனைத் திரவியங்களும் கடல் வாணிகத்தில் விலை பெற்றன; நம் முன்னோரான முஸ்லிம் வணிகர் அக்கரைத் துறைகளிலே குடியமர்ந்து அவ்வாணிகத்தை வளர்த்தனர். போகவும் ஓரிடம் இருந்தது. பிழைக்கவும் ஒரு வழி இருந்தது. ஆகவே இராசரட்டையின் முடிவை ஒரு மக்களின் மரணம் என்பதினும் இடப்பெயர்ச்சி எனல் தகும். 2015-இல் லீசா லூசெரோ, ரோலண்ட் பிளெச்சர், ராபின் கோனிங்காம் ஆகிய அறிஞர் மாயரையும் அங்கோரையும் அநுராதபுரத்தையும் ஒப்பிட்டு எழுதியபோது, பெருநகரம் கலைந்து மக்கள் புறத்தே பரந்து சென்ற பொது வடிவத்தை மூன்றிலும் கண்டனர்.

அறபு நாட்டிலும் இதற்கோர் ஒப்புமையுண்டு. யெமன் தேசத்து மஆரிப் அணை, ஸபஉ மக்களின் இரு பெருந்தோட்டங்களுக்கு நீர் ஈந்தது. அவ்வணை உடைந்து வெள்ளம் பாய்ந்த செய்தியை அல்குர்ஆனின் 34-ஆம் அத்தியாயத்தில் நாம் ஓதுகின்றோம். நன்றி மறந்த மக்களுக்கு நேர்ந்த தண்டனையென அதை நமக்கு உணர்த்துகிறது திருமறை. கல்வெட்டுகளைப் படித்தால் அந்த நன்றி மறத்தல் நடைமுறையில் எவ்வாறு நிகழ்ந்ததென்பதும் தெளிவாகும். 5-ஆம், 6-ஆம் நூற்றாண்டுகளில் அணை பலமுறை உடைந்தது, பலமுறை அடைக்கப்பட்டது. யானை ஆண்டு வரலாற்றிலே நாம் அறிந்த அதே அப்ரஹா, 548-ஆம் ஆண்டளவில் அதைப் பழுது பார்த்ததைக் கல்லில் எழுதி வைத்துள்ளான். சாம்பிராணி வாணிகம் பாலை வழியை விட்டுச் செங்கடல் வழியே போனது, அரசுகள் பூசலிட்டன, அணையைப் பேணும் வலிமை குறைந்தது. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடைந்தபோது அடைக்க எவரும் வரவில்லை. முன்பு உடைந்ததும் அதே அணைதான். அப்போது அடைக்க ஆளிருந்தனர்.

1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் இதனை மிக ஆழமாகக் கண்டார். ஒரு கூட்டத்தாரைப் பிணைக்கும் பற்றுக்கு அவர் அஸபிய்யா என்று பெயரிட்டார். அப்பற்றினால் அரசு எழுகிறது. ஆடம்பரத்தாலும் தன்னலத்தாலும் அது தளர்கிறது. அரசன் வரியை ஏற்றுகிறான். உழைப்பவன் உழைப்பில் நம்பிக்கை இழக்கிறான். அரசின் வருவாயும் சுருங்குகிறது. பொலனறுவையை அவர் கண்டதில்லை. கண்டிருந்தாலும் வேறாக எழுதியிருக்க மாட்டார்.

இயற்கையின் பங்கை மறுப்பதற்கில்லை. வியட்னாமிய மலைக்காட்டு மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி 2010-இல் வெளியான ஆராய்ச்சி, 14-ஆம், 15-ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சிகளும் இடையிடையே கடும் மழைகளும் அங்கோரைத் தாக்கியதைக் காட்டியது. ஆனால் வறட்சி எந்நாட்டுக்கும் வருவது. இராசரட்டையின் குளங்களே வறட்சியை எண்ணிக் கட்டப்பட்டவை. வலிமையுள்ள ஒழுங்கு வறட்சியைத் தாங்கும். ஒழுங்கு குலைந்தபின் ஒரு மாரி மழையே கட்டை உடைக்கப் போதும்.

ஒழுங்கு என்றேன். அது அரசனுடைய ஒழுங்கு மட்டுமன்று. எட்மண்ட் லீச் என்னும் மானிடவியலாளர் 1959-இல் எழுதிய கட்டுரையில், பெருங்குளம் அரசனுடையதெனினும் சிறுகுளம் ஊருடையது எனச் சுட்டிக் காட்டினார். அரசு வீழ்ந்த பின்னும் வன்னிக் காட்டில் பல சிற்றூர்கள் தம் குளங்களைத் தாமே வெட்டித் திருத்தி வாழ்ந்து வந்தன.

அந்த ஊரொழுங்கும் ஒரு காலத்தில் தளர்ந்தது. அதற்குப் படையெடுப்பு வேண்டியிருக்கவில்லை. 1832-இல் ஆங்கில அரசு இராசகாரிய ஊழியத்தை ஒழித்தது. கட்டாய வேலையிலிருந்து மக்களை விடுவித்த அச்செயல் நீதியானதே. ஆனால் குளக்கட்டில் மண் போட ஊரைக் கூட்டும் கடமையும் அதனோடு போயிற்று. அதனிடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. குளங்கள் தூர்ந்தன. 1855-இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் இதைக் கண்டார். நெற்காணி நீர்ப்பாசனத்தின் பழைய வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிக்க 1856-இல் 9-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அவர் காலத்தில் திருத்தப்பட்டவற்றுள் நமது இறக்காமக் குளமும் அம்பாறைக் குளமும் அடங்கும். நம் வயல்வெளிகளில் வட்டவிதானை என்னும் பதவிக்கு இருந்த மதிப்பை முதியோர் அறிவர். எவன் வயலுக்கு எப்போது நீர், எவன் எத்தனை முழம் வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பன அவன் வாயிலிருந்தன.

1949-இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணையின் பின்னே சேனாநாயக்க சமுத்திரம் விரிந்தது. பராக்கிரமபாகுவின் கனவு மீண்டதெனப் பலர் மகிழ்ந்தனர். முப்பது ஆண்டுகள் சென்றன. இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தும் கதவுகள் உடைந்தும் கிடந்தன. தலைமடைக்காரன் தேவைக்கு மேல் எடுத்தான். கடலோரத்தை அண்டிய வால்மடைக்கு நீர் வரவில்லை. நீரில்லாதவன் கதவை உடைத்தான். உடைந்த கதவால் அடுத்தவனுக்கும் நீர் போயிற்று. கட்டி முப்பது ஆண்டிலே இது நேர்ந்ததென்றால், ஆயிரம் ஆண்டு காத்தவர்களின் அருமை விளங்கும்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1981-இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளைஞர் சிலரைப் பயிற்றி இடதுகரையின் ஊர்களுக்கு அனுப்பின. அவர்கள் கையில் பணமில்லை; அதிகாரமும் இல்லை. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் விவசாயிகளை அழைத்துப் பேச வைத்தனர், அவ்வளவே. அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் மிகக் குறைந்திருந்தது. விவசாயிகள் ஒன்றுகூடி, பல ஆண்டுகளாக மண்வெட்டி படாத வாய்க்கால்களை வெட்டினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்டதைக் கீழே விட்டனர். மேலே இருந்தோர் சிங்களவர். வால்மடையிலே தமிழ் பேசுவோரும் இருந்தனர். நாட்டில் இனப்பூசல் மூண்ட அக்காலத்தில் இங்கே தண்ணீர் மேலிருந்து கீழே வந்தது. இதனை நேரிற் கண்டு ஆராய்ந்து எழுதியவர் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப்.

இதற்கு மாறான படிப்பினையும் உண்டு. 1986 ஏப்பிரில் 20-ஆம் நாள், பழம்பெரும் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடைக்காலத்தவர் கட்டிய குளம் நம் காலத்திலும் உடையும்.

நேயர்களே, 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் ஏறி வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கல்முனைக்குடியின் கரையோரத் தெருக்கள் மண்மேடாயின. ஒரு நாகரிகம் அடியினால் மட்டுமே அழியுமாயின் நாம் அன்றே முடிந்திருக்க வேண்டும். பள்ளிவாசல்களிலே மக்கள் கூடினர், காணாமற் போனோரைத் தேடினர், இறந்தோரை அடக்கினர், சில ஆண்டுகளில் வீடுகளும் கடைகளும் மீண்டும் எழுந்தன. பேரலை அழிக்காமல் விட்டது மக்களைச் சேர்த்து வைத்திருந்த கட்டை.

பொலனறுவையிலே அக்கட்டு முன்னரே தளர்ந்திருந்தது. படைத்தலைவர்கள் அரியணைக்காகப் போரிட்ட பத்தொன்பது ஆண்டுகளில் எந்தக் குளத்தின் கட்டிலே முதற்கசிவு தோன்றியதென்பதை எந்த வமிச நூலும் எழுதி வைக்கவில்லை. அதைக் கண்டவன் யாரோ ஒரு விவசாயியாக இருந்திருப்பான். யாரிடம் முறையிடுவதென்று அவனுக்குத் தெரிந்திராது. அடுத்த போகம் தொடங்குமுன் நம் ஊர்களிலே பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். வாய்க்காலின் கடைசி வரம்பில் வயல் வைத்திருப்பவன் அங்கே எழுந்து தன் குறையைச் சொல்லும்போது, தலைமடையில் இருப்பவர் அதைக் கேட்க வேண்டும்.